வெளியில் வாங்கியது எதுவும் இல்லை

வேண்டாம் அக்கா, நான் பன் சாப்பிடுவதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையனுக்கென்று வாங்கி வந்தீர்கள், அவனுக்கே கொடுங்கள். அவனுக்குக் காய்ச்சல்தானே, அந்த குளுக்கோஸ் பாட்டில் இறங்கி முடிந்தால் எழுந்து ஓடிவிடுவான். எனக்கு எதுவும் இறங்காது. அதுவும் பன் இறங்கவே இறங்காது. மேலே சிவப்பாக ஒன்று வைத்திருக்கிறான் பாருங்கள், அதைச் செர்ரிப் பழம் என்று ஊரே நம்பித் தின்கிறது. களாக்காயைச் சாயத்தில் ஊறப்போட்டது அது. சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

இவள் என் மகள். இதழினி. காலையில் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தவள், மத்தியானத்துக்குள் இப்படி ஆகிவிட்டாள். வாந்தி. நம் பிள்ளைகள் பால் கக்குவார்களே, அந்த மாதிரி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து. வெறும் தண்ணீராக வந்தது, அப்புறம் மஞ்சளாக, கடைசியில் சிவப்பாக ஏதோ கோடு கோடாக. அதைப் பார்த்ததும் எனக்கு... சரி, அதை விடுங்கள்.

டாக்டர் என்னிடம் வந்து, என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார். ஒருமுறை கேட்டால் பரவாயில்லை, போகும்போதும் வரும்போதும் கேட்கிறார். கோயம்புத்தூரில் எந்த அம்மாவிடம் வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். என்னிடம் கேட்கலாமா? பிறந்ததிலிருந்து இவள் வாய்க்குள் என்ன போனது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெளியில் வாங்கிய காய் எதுவும் போனதில்லை. பழம் எதுவும் போனதில்லை. பிஸ்கட் என்றால் என்னவென்றே இவளுக்குத் தெரியாது. இன்றைக்கு ஒன்று போனது. திராட்சை. அதை நான் கொடுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பூச்சிமருந்து விஷமா என்று பார்க்க ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். நாளைக்குத்தான் தெரியுமாம். அதுவரைக்கும் இப்படியே கிடக்க வேண்டும். எதற்கு வைத்தியம் பார்ப்பது என்றே தெரியாமல் எப்படி அம்மா பார்ப்பது என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நான்தான் சொல்கிறேனே, திராட்சை என்று.

கொடுத்தது யார் என்றா? என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். பூங்கொடி என்று பெயர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் மகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். ஊசி முனை அளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாளாம், வந்தால் அந்தப் பெருமை பேசாமல் போகமாட்டாள். பனியனில் கறை கண்டுபிடிக்கிற கண்ணுக்குத் திராட்சை மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது மட்டும் தெரியவில்லை. "மஞ்சத்தூளும் உப்பும் போட்டு அலசிட்டேன் அம்மிணி, ஒண்ணும் ஆவாது" என்றாள். மருந்து உள்ளே இறங்கியிருக்கிறது, இவள் வெளியே அலசுகிறாளாம். அவள் மகளும் கூடவே உட்கார்ந்து தின்றாள். ஒரு கொத்து முழுக்க.

அந்தப் பெண்ணா? நன்றாகத்தான் இருக்கிறாள். அது அப்படித்தான் அக்கா. பிறந்ததிலிருந்து விஷத்தையே தின்று வளர்ந்த உடம்புக்கு அது பழகிப்போயிருக்கும். சுத்தமாக வளர்ந்த பிள்ளைக்குத்தான் உடனே காட்டிக்கொடுக்கும்.

என் வீட்டுக்காரர் போனில் அவளைப் பிடித்த பிடியில் அவள் அழுதேவிட்டாள். இப்போது பஸ் ஏறி வருகிறாளாம், குழந்தையைப் பார்க்க. இவர் கீழே வாசலில் நிற்கிறார், மேலே விடமாட்டேன் என்று. நிற்கட்டும். சபரிநாதன் தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. இன்றைக்காவது பேசினாரே. ஆனால் அவரையும் நம்ப முடியாது. வேலை விட்டு வரும்போது சட்டையை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும், ரோட்டுக்கடையில் காளான் தின்றுவிட்டு வந்திருப்பார். காளான் என்று பெயர்தான். முட்டைக்கோஸை மைதாவில் புரட்டிச் சிவப்பு சாஸில் போட்டுத் தட்டுகிறான். "ஆபீஸ்ல பார்ட்டிங்க" என்பார். தினமும் என்ன பார்ட்டி?

இருங்கள், டாக்டர் வருகிறார்.

...

கேட்டீர்களா என்ன கேட்டார் என்று? "திராட்சைக்கு அப்புறம் என்ன கொடுத்தீங்க இதழினி அம்மா?" வீட்டுக் காய்தான் டாக்டர் என்றேன். "என்ன காய்?" எங்கள் தோட்டத்துக் காய், மருந்தே அடிக்காதது என்றேன். "அதில்லைங்க..." என்று ஆரம்பித்தார், அதற்குள் நர்ஸ் வந்து கூட்டிப்போய்விட்டது. டாக்டரைப் பார்த்தால் நேற்றுதான் கல்லூரி முடித்த மாதிரி இருக்கிறது, அதற்குள் சலிப்பு. தோட்டத்துக் காயைச் சந்தேகப்படுகிறார். உலகத்தில் எதையும் சந்தேகப்படலாம், அதைப் படக்கூடாது.

நான் சும்மா சொல்லவில்லை அக்கா. இவளுக்கு முன்னால் எனக்கு ஒன்று தங்கவில்லை. நாலு மாதம் வரைக்கும் இருந்தது. ஏன் போனது என்று கேட்டால், "காரணம்னு எதுவும் இல்லைம்மா, சில நேரம் இப்படி ஆகும், அடுத்தது நல்லா இருக்கும்" என்றார்கள். காரணம் இல்லாமல் ஒன்று நடக்குமா? படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது? அந்தச் சமயத்தில்தான் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வழியில் காலிஃபிளவர் காடு. ஒருத்தர் பூவை அறுத்து அறுத்து ஒரு டிரம்மில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தண்ணீர். அந்த வாடை கார்க் கண்ணாடியை மூடியும் உள்ளே வந்தது. அது போவதற்கு முந்தின வாரம்தான் நான் காலிஃபிளவர் சாப்பிட்டிருந்தேன். அவ்வளவுதான், எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டாக்டர்களுக்குக் கிடைக்காதது.

அதற்கப்புறம் ஆர்கானிக் கடை கடையாக ஏறினேன். கேரட்டில் மண்ணை ஒட்டி மூங்கில் கூடையில் அடுக்கிவிட்டால் அது ஆர்கானிக். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் உழவர் சந்தையில் எனக்கு முன்னால் நின்று அதே கேரட்டை மூட்டையாக வாங்கினார். என்னைப் பார்த்ததும் "வீட்ல விசேஷங்க" என்றார். விசேஷத்துக்கு மூட்டைக் கேரட்டா? சரி, இனி எவனையும் நம்புவதில்லை என்று மாடியில் பை வைத்தேன். தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, சாணமும் கோமியமும் புளிக்கவைத்த பஞ்சகவ்யம். தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் மாடியிலேயே. இவள் வயிற்றில் இருக்கும்போது வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். எல்லாரும் திட்டினார்கள். இவள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது சொல்லுங்கள், யார் சரி?

அப்பார்ட்மெண்ட்காரர்கள் படுத்திய பாடு இருக்கிறதே. செக்ரட்டரி வரதராஜுலு சார், ஓய்வுபெற்ற மனுஷர், வேறு வேலை இல்லை. "மாடி ஓதம் எறங்குதும்மா, பஞ்சகவ்ய நாத்தம் லிஃப்ட் வரைக்கும் வருது" என்று கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு அவர் பூசிக்கொண்டு வந்த சென்ட்டுக்கு லிஃப்ட் நாலு நாள் மூச்சு முட்டியது, அதை யாரும் பேசவில்லை. கீழ் வீட்டு அம்மா கீரையில் ஓட்டை இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். புழுவே தொடாத கீரையைத் தேடித் தேடி வாங்கிப் பிள்ளைக்குப் போடுகிறாள். புழுவுக்கு இருக்கிற விவரம் அவளுக்கு இல்லை. நானே பெரிய மனது பண்ணி ஒருநாள் பாகற்காய் கொண்டுபோய்க் கொடுத்தால், "இவ்ளோ குட்டியா இருக்கே, ஆர்கானிக்னா வளராதா?" என்கிறாள். அப்புறம் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

என்ன காய் என்று நீங்களும் கேட்கிறீர்களா? சுரைக்காய் அக்கா. சுரைக்காய்ச் சாறு. உடம்புச் சூட்டுக்கு அதைப் போல ஒன்று கிடையாது.

அதுவும் சாதாரணச் சுரை இல்லை. விதையைக்கூட வெளியில் வாங்காத சுரை. போன வருஷம் விதைத் திருவிழாவில் இரண்டு வகை விதை வாங்கினேன். ஒன்று நீட்டுச் சுரை, சாப்பிடுவதற்கு. இன்னொன்று குடுவைச் சுரை. அது சமையலுக்கு இல்லை, கசக்குமாம், காயவைத்து விளக்குக் கூடு, சொம்பு என்று அழகுக்குச் செய்வார்கள். கழுத்து ஒடுங்கி, வயிறு பெருத்து, பார்க்க அவ்வளவு லட்சணம். இரண்டையும் ஒரே பந்தலில் ஏற்றினேன். மாடியில் தேனீ எங்கே வருகிறது? இந்த ஊர்க்காரர்கள் தேனீயையும் கொன்றாயிற்று. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி விடுவேன். நீட்டுச் சுரையில் ஆண் பூ சரியாக வராது, குடுவைச் சுரையில் கொட்டிக் கிடக்கும். அதைப் பறித்து இதில் தடவினேன். பூதானே, எல்லாம் நம் வீட்டுப் பூ. காய் காயாகக் காய்த்துத் தள்ளியது. தேனாட்டம் ருசி. அதிலேயே நல்ல காயாக ஒன்றை முற்றவிட்டு, விதையெடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்தேன். இந்த வருஷம் போட்டது அந்த விதை. என் விதை. எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன், எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? காய் ஒரு புது வடிவம். நீட்டுமில்லை, குடுவையுமில்லை. இடுப்பு சற்றே ஒடுங்கி, கீழே குண்டாக. யார் வீட்டிலும் இல்லாத ரகம்.

அதன் முதல் காயைத்தான் இன்றைக்குப் பறித்தேன். இவளுக்கென்று.

நங்கையா அப்போது வந்திருந்தாளே, சமையல் மேடையில் காயைப் பார்த்துவிட்டாள். உடனே கத்தியை எடுத்துக் காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாய்க்குக் கொண்டுபோகிறாள். அது அவள் பழக்கம். வெள்ளரி, பீர்க்கன், சுரை எதுவானாலும் முனையை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் சமைக்கமாட்டாள். அவள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். எச்சில் கத்தியால் அப்படியே மீதியை நறுக்குவது. எனக்குக் குமட்டும். கையைப் பிடித்துத் துண்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். "என் கிச்சன்ல நாக்குல வச்சுப் பாக்கற வேலையெல்லாம் வேண்டாங்க நங்கையா. இது கடைக் காய் இல்ல, சந்தேகப்பட" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஹாலுக்குப் போய் உட்கார்ந்து, அந்த வீம்புக்குத்தான் திராட்சையை எடுத்து ஊட்டினாள் என்று நினைக்கிறேன். நான் பார்ப்பதற்குள் ஊட்டிவிட்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனாள்.

அவள் போனதும் எனக்குப் பதற்றம். உள்ளே போன விஷத்தை உடனே முறிக்க வேண்டுமே. சுரைக்காயைத் தோலோடு அரைத்து வடிகட்டினேன். வழக்கமாக அரை டம்ளர் கொடுப்பேன். இன்றைக்கு விஷம் முறிய வேண்டுமே என்று முழு டம்ளர்.

நான் குடித்தேனா என்றா?

ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். குடிக்க முடியவில்லை. என் நாக்கை வைத்துச் சொல்லக்கூடாது அக்கா. என் நாக்கு ஹாஸ்டல் நாக்கு. மலைமேல் கான்வென்ட்டில் பத்து வருஷம் இருந்தேன். அங்கே போட்ட சாம்பாரில் ருசி என்கிற சங்கதியே மரத்துப்போய்விட்டது. சிஸ்டர் பெனடிக்டா தட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். வாந்தி வந்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கல்நெஞ்சுக்காரி. கண்ணில் தண்ணீர் வந்தால், "ஆஃபர் இட் அப், சைல்ட்" என்பார்கள், கஷ்டத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடு என்று. பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள்.

கசந்ததா என்று கேட்டால், கசந்தது. கசக்கத்தானே செய்யும்? உரம் போட்டுத் தண்ணீர் ஏற்றிய கடைச் சுரைக்காய் சப்பென்று இருக்கும், அதைத் தின்றே பழகியவர்களுக்கு இயற்கையின் ருசி கசப்பாகத்தான் தெரியும். எங்கள் குழுவில் எல்லாரும் சொல்வார்கள், மருந்து என்றாலே கசக்கும் என்று. துப்பிவிட்டுக் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போட்டேன். சரியாகவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டேன்.

இவள் குடிக்கமாட்டேன் என்றாள். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாள். "கச்சி, கச்சி" என்றாள். கசக்கிறதாம். திராட்சை தின்ற வாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்று மடியில் போட்டு, மூக்கை லேசாக... லேசாகத்தான். நாலைந்து மடக்கு. டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலிருந்து நகரவில்லை. பாதியில் விட்டால் பலன் இல்லை, இல்லையா?

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்றா கேட்கிறீர்கள்? உடனே. மடியிலிருந்து இறக்கிவிட்டேன், இவள் சமையலறைக் கதவு வரைக்கும்தான் போனாள்.

திராட்சை தின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களும் அந்த வரதராஜுலு சார் மாதிரி பார்க்காதீர்கள். சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கசந்த சுரைக்காயை என்ன செய்வீர்கள்?

கொட்டிவிடுவீர்கள்.

உங்கள் மாமியாருமா? எல்லாருமேவா?

மாட்டுக்குக்கூடப் போடமாட்டீர்களா?

...

முழிக்கிறாள். இதழி. இதழிம்மா, அம்மா இங்கேதான் இருக்கிறேன்டா. தண்ணி வேணுமா? வாயை நனைத்துவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இந்தா, அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்தேன், செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணி. ஒரே ஒரு வாய். வாயைத் திற தங்கம். கையை எடு. ஏன் வாயைப் பொத்துகிறாய்? அம்மா கொடுக்கிறேன், குடிக்கமாட்டாயா? கசக்காதுடா. இதோ பார், அம்மா குடித்துக் காட்டுகிறேன், வெறும் தண்ணி. சரி, சரி, டம்ளரைத் தூர வைத்துவிட்டேன். அழாதே. அழாதே கண்ணு, ஊசி நகர்ந்துவிடும்.

அக்கா, அவள் உங்கள் தண்ணீர் பாட்டிலைப் பார்க்கிறாள்.

கடையில் வாங்கியதா அது? எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ, பிளாஸ்டிக்கெல்லாம் அதில் கரைந்துதான்... கொடுங்கள். பரவாயில்லை, நீங்களே கொடுங்கள். நான் கொடுத்தால் வாங்கமாட்டாள். மூடியில் ஊற்றிக் கொடுங்கள்.

குடிக்கிறாள். பாருங்கள், யாரென்றே தெரியாத உங்களிடம் எப்படி வாயைத் திறக்கிறாள் என்று.

போதும். நிறையக் கொடுக்கவேண்டாம்.

இவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறீர்களா? பக்கத்திலேயே இருங்கள். இன்னொரு வாய் கேட்டால் கொடுங்கள். நான் டாக்டர் அறை வரைக்கும் போய்விட்டு வருகிறேன். என் வீட்டுக்காரர் மேலே வந்தால், அவர் அக்காவை வாசலில் நிறுத்தி வைக்கவேண்டாம், கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

இல்லை அக்கா. திராட்சையைப் பற்றிப் பேசப் போகவில்லை.